இந்தப் படம் ஓடக் கூடாது, சாமி

ஒரு சினிமா ஓடக் கூடாது என்று மலைச்சாமியிடம் வேண்டிக்கொண்டவள் எங்கள் நாமக்கல் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் எப்பேர்ப்பட்ட படம்! என் வீட்டுக்காரர் வேலை பார்த்த படம். சொந்தபந்தம் பூராவும் ஒரு வரிசையை அடைத்து உட்கார்ந்து, கைதட்டி, விசிலடித்துப் பார்த்த படம். அவர்கள் கைதட்டக் கைதட்ட நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரிக் வண்டி என்பது ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. அதன் முதுகில் ஒரு நீளமான இரும்புச் சட்டம் படுத்துக் கிடக்கும். போர் போடுகிற இடத்துக்குப் போனதும் அதை நிமிர்த்தி நிறுத்துவார்கள். மாஸ்ட் என்று பெயர். நிமிர்ந்தால் தென்னை மர உயரம் வரும். அதைத் தூக்குவதும் இறக்குவதும் டிரில்லர் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் வண்டிகள் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வடக்கே சுற்றும். அங்கே மழை பிடித்தால் காட்டுக்குள் லாரி இறங்காது, சேற்றில் புதைந்துவிடும். அதனால் ஆடி ஆவணியில் எல்லா வண்டியும் ஊருக்கு வந்து பட்டறை வாசலில் நிற்கும். ஆயுத பூஜை போட்டுவிட்டு மறுபடி கிளம்பும். எங்கள் வீடுகளில் புருஷனுக்குச் சுடச்சுடச் சோறு போடுவது அந்த மழைக்காலத்தில்தான்.

மாஸ்ட் என்கிற வார்த்தையே எனக்கு ஆகாது. எங்கள் வீதியில் எதிர் வரிசையில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் வீட்டுக்காரரும் டிரில்லர்தான். வடக்கே ஏதோ ஒரு காட்டில் மாஸ்ட்டைத் தூக்கும்போது மேலே போன கரண்டுக் கம்பியில் பட்டுவிட்டது. ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். முகத்தைக்கூடச் சரியாகக் காட்டாமல் எடுத்துவிட்டார்கள். அந்த அக்கா அன்றைக்குப் போட்ட சத்தம் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. அதற்கப்புறம் பஸ்ஸில் போனாலும் நான் ஜன்னல் வழியாக மரம் மட்டை பார்ப்பதில்லை, கம்பியைத்தான் பார்ப்பேன். வீட்டுக்காரர் போன் போட்டால், சாப்பிட்டாரா என்று கேட்பதற்கு முன்னால், "மேல கம்பி கிம்பி போகுதுங்களா?" என்றுதான் கேட்பேன்.

"இல்ல அம்முணி, வெட்டவெளி" என்பார். எந்த ஊரிலிருந்து பேசினாலும் வெட்டவெளி. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

போன வருஷத்து மழைக்காலத்தில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். சண்டைப் படமாம். கதாநாயகன் வெளிநாட்டுக்கெல்லாம் போய்க் கராத்தேயும் குங்ஃபூவும் படித்தவராம். இங்கிலீஷ் படத்துக்குச் சமமாக எடுக்கப் போகிறோம் என்று சொல்லி, சும்மா நின்ற எங்கள் வண்டியை வாடகைக்குக் கேட்டார்கள். வண்டி முதலாளி ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்: லீவரை வேறு எவனும் தொடக் கூடாது, எங்கள் டிரில்லர் கூடவே வருவார். அப்படித்தான் இவர் சினிமாவுக்குப் போனார். சேலம் பக்கத்து வெள்ளைக்கல் குவாரியில் ஷூட்டிங். தினமும் காலையில் போய்ப் பொழுது சாய வந்துவிடுவார். "என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டால், "சும்மா லீவரப் புடிச்சு நின்னேன், பிரியாணி போட்டாங்க" என்பார். வடக்கே போகாமல் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாரே என்று நானும் சந்தோஷமாக இருந்துவிட்டேன்.

படம் இந்த வருஷம் ஆவணியில் வந்தது. முதல் நாள் பகல் காட்சி. குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிற என் நாத்தனார் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, முறுக்குப் பொட்டலத்தோடு காலையிலேயே வந்து இறங்கிவிட்டாள். தியேட்டருக்குள் போனால் எங்கு பார்த்தாலும் ரிக் வண்டி ஆட்கள். கதாநாயகனுக்காக வந்தவன் ஒருத்தனும் இல்லை, வண்டிக்காக வந்த கூட்டம்.

படத்தைப் பற்றி என்ன சொல்ல? வில்லன் பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் பேசுகிறான். பூமியின் நடு வயிறு வரைக்கும் ஓட்டை போட்டு, உள்ளே கொதிக்கிற குழம்பை வெளியே விட்டு, உலகத்தையே அழிக்கப் போகிறானாம். அந்தப் பயங்கர இயந்திரத்தைக் காட்டுகிறேன் என்று, மூடியிருந்த துணியை இழுத்துத் திறந்தார்கள். பார்த்தால் எங்கள் ரிக் வண்டி! கறுப்புப் பெயிண்ட் அடித்து, தகரத்தில் இரண்டு றெக்கை வைத்து, சுற்றிலும் சிவப்பு பல்பு கட்டியிருந்தார்கள். தியேட்டர் அதிர்ந்துவிட்டது.

"ஏனுங்ணா, எத்தன அடிங்க?" என்று பின்னால் ஒருத்தன் கத்தினான்.

"தண்ணி வந்துச்சாமா?"

"குழிக்குள்ள எறக்குன கேசிங் பைப்பு யாருதுன்னு கேளுடா!"

வில்லன் உலகத்தை அழிப்பது பற்றி அரை மணி நேரம் பேசினான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் சைபீரியா என்று எழுத்துப் போட்டார்கள். கண்ணுக்கெட்டிய வரைக்கும் வெள்ளை, எல்லாம் அந்தக் குவாரிக் கல். கதாநாயகன் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு பனியில் நடக்கிறார், நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுகிறது. தூரத்தில் மேட்டின்மேல் நம்மூர் மேச்சேரி ஆடு ஒன்று நின்று மேய்கிறது. நாத்தனார் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான்தான் அவள் தலையைத் தட்டினேன். சண்டையும் அப்படித்தான். முகமூடி போட்ட ஆட்கள் கூட்டமாக வந்து, வட்டமாக நின்று, ஒவ்வொருத்தனாக முறை வைத்து அடி வாங்கிக்கொண்டு போனார்கள். அடித்து முடித்ததும் கதாநாயகன் ஒவ்வொரு தடவையும் முடியைச் சிலுப்பினார். கராத்தே படித்த மனுஷன் பாவம், அவர் காலைத் தூக்கும்போதெல்லாம் காமிரா வேறு எங்கேயோ பார்த்தது. எனக்குத் தூக்கம் வந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

கடைசிச் சண்டை வரும்வரைக்கும் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அந்தச் சண்டை மாஸ்ட்டின்மேல் நடக்கிறது. சட்டம் மெல்ல மெல்ல எழும்புகிறது, அதில் கதாநாயகன் ஒரு பக்கம் தொங்குகிறார், வில்லனின் ஆட்கள் இன்னொரு பக்கம். கீழே லீவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கறுப்பு முகமூடி. முகமூடி போட்டால் எனக்குத் தெரியாதா என்ன? நிற்கிற நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். தியேட்டரும் கண்டுபிடித்துவிட்டது. "டிரில்லரு! நம்ம டிரில்லரு!" என்று ஒரே கூச்சல். நாத்தனார் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது காமிரா மேலே போனது. மாஸ்ட்டுக்கு நேர் மேலே, வெள்ளை வானத்தில், கோடு போட்டது மாதிரி மூன்று கம்பி.

"சைபீரியாவுல கரண்டுக் கம்பிடா!" என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. படக்காரர்கள் அழிக்க மறந்துவிட்டார்கள் போல. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாஸ்ட் ஏறிக்கொண்டே போகிறது. கம்பிக்கும் அதன் முனைக்கும் நடுவில் இருந்த வானம் குறைந்துகொண்டே வருகிறது. லீவரைப் பிடித்த அந்தக் கை இறக்கவே மாட்டேன் என்கிறது.

"ஏனுங்க, கம்பிங்க" என்றேன்.

"சும்மா பாரு."

"ஏனுங்க, கம்பி! எறக்குங்க!"

திரையில் இருந்தவரைப் பார்த்துத்தான் இறக்கச் சொன்னேன், பக்கத்தில் இருந்தவரின் மணிக்கட்டைத்தான் பிடித்திருந்தேன். என் நகம் பதிந்து ரத்தம் வந்ததை அப்புறம்தான் பார்த்தோம். ஆள் உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறார், இது நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, எல்லாம் புத்திக்குத் தெரிகிறது. உடம்புக்குத் தெரியவில்லையே! மாஸ்ட் ஒரு உலுக்கு உலுக்கி நின்றபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதிர் வரிசை அக்காவின் சத்தம்தான் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது வில்லன் செத்திருந்தான், உலகம் பிழைத்திருந்தது. எழுந்து போகலாம் என்று பார்த்தால், இங்கிலீஷ் படத்தில் செய்வார்களாமே, எல்லாம் முடிந்த பிறகு ஒரு துண்டுக் காட்சி, அதையும் விடாமல் வைத்திருந்தார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து வில்லனின் கை வெளியே வருகிறது. பின்னால் எங்கள் வண்டியின் மாஸ்ட் தானாகவே எழும்புகிறது. இரண்டாம் பாகம் விரைவில் என்று எழுத்து.

"அண்ணி, அதுலயும் அண்ணந்தான்!" என்றாள் நாத்தனார். "மொத பாகம் நல்லா ஓடுனா உடனே ஆரம்பிக்கறாங்களாம். அதே எடமாம். அண்ணன் சரின்னு சொல்லீருச்சு. உங்களுக்குச் சொல்லலீங்களா?"

எனக்குச் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் சொல்லவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் எழுந்து செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அந்த இடத்திலேயே, கூட்டம் இடித்துக்கொண்டு போகும்போதே, எங்கள் ஊர் மலைமேல் இருக்கிற சாமியை நினைத்துச் சொன்னேன்: இந்தப் படம் ஓடக் கூடாது சாமி. ஒரு வாரம்கூடத் தாங்கக் கூடாது. தூக்கிவிட்டார்கள் என்று சேதி வந்தால், மலைப்படி பூராவும் நடந்தே ஏறி வந்து உனக்கு விளக்குப் போடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "பைத்தியமா உங்களுக்கு? கம்பிக்கு அடியில எவனாவது மாஸ்ட்டத் தூக்குவானா? எதுத்த ஊட்டு அக்காவப் பாத்துமா உங்களுக்குப் புத்தி வல்ல?" என்று கத்தினேன். அவர் வாயைத் திறக்கப் போவார், என்னைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். "சரி உடு அம்முணி" என்பார். அந்த மௌனம்தான் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. தப்பு செய்கிற ஆள்தானே பதில் பேசாமல் இருப்பான் என்று நினைத்தேன்.

அடுத்த சில நாட்கள் நான் மனுஷியாகவே இல்லை. பால்காரர் வந்தால் படம் எப்படி என்று கேட்டேன். மளிகைக் கடையில் கேட்டேன். நல்லாயில்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயில் சர்க்கரை போடலாம் போலிருந்தது. பரவாயில்லை என்று ஒருத்தர் சொன்னதற்கு அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை. மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று சாக்குச் சொல்லிவிட்டுத் தியேட்டர் வாசல் வரைக்கும் போய், பைக் நிறுத்துகிற ஸ்டாண்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு நாள் ஸ்டாண்டு நிறைய வண்டி. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிக்கெட் கிழிக்கிறவர் பார்த்துவிட்டு, "என்னுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று ஓடி வந்தார்.

"கூட்டம் எந்தப் படத்துக்குங்க?" என்றேன்.

"ஓ, அதுங்களா? பக்கத்து ஸ்கிரீன்ல பேய்ப் படமுங்க. இந்தச் சண்டப் படத்துக்கு எவன் வாரான்? நாளைக்கோட தூக்கறோமுங்க."

அந்த மனுஷன் நல்லா இருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தது. ஒரு வாரம் கழித்து, இரண்டாம் பாகத்தைக் கைவிட்டுவிட்டோம் என்று படக்காரர்களே இவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்கள். இவர் முகம் வாடிப்போனது. நான் அடுப்படிக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஒரு வேண்டுதல் இருக்கிறது, வாங்க என்று அவரையும் கூட்டிக்கொண்டுதான் மலைக்குப் போனேன். காலை வெயிலில் படி ஏறினோம். விளக்குப் போட்டேன். இறங்கும்போது பாதி வழி மண்டபத்தில் உட்கார்ந்தோம். கீழே ஊர் பூராவும் தெரிந்தது. பட்டறை வாசல்களில் வரிசையாக ரிக் வண்டிகள். எனக்கு மனசு லேசாக இருந்தது, சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"உங்க படம் ஓடக் கூடாதுன்னுதானுங்க வேண்டீட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். அப்புறம் சிரித்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்திருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அடக் கூத்தே! அந்தக் கம்பிக்கா?"

"பின்ன எதுக்கு?"

"அதுல கரண்டே இல்ல அம்முணி" என்றார். "ஷூட்டிங்குக்கு முன்னாடியே லைன ஆப் பண்ணீட்டாங்க. லைன்மேன் ஒருத்தர் வந்து, கரண்டு இல்லேன்னு கோல வெச்சுத் தொட்டே காட்டுனாரு. தப்பித் தவறிக் கரண்டு வந்தாலும் மண்ணுக்குள்ள போகட்டும்னு, சங்கிலி போட்டு அந்தக் கம்பிய மண்ணோட கட்டுனாங்க. சாயங்காலம் வரைக்கும் அந்த ஆளு எடத்த உட்டு நவுரல. பக்கத்துல ஆம்புலன்சு, டாக்டரு. மேல தொங்குனவங்களுக்கெல்லாம் பெல்ட்டு, கீழ வலை. எனக்குக் கூட ஒரு பெல்ட்டு மாட்டி உட்டாங்க. நானு இந்த வேலைக்கு வந்த நாள்ல இருந்து, பயமில்லாம மாஸ்ட்டத் தூக்குனது அந்தக் குவாரியிலதான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப மத்த நாளு?" என்றேன்.

அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

"வடக்க லைன ஆப் பண்ண மாட்டாங்களா?"

"அங்க யாரு அம்முணி ஆப் பண்ணுவா? யாரக் கேக்கறதுன்னே தெரியாது. பொழுதுக்குள்ள போர் போட்டு முடிச்சு அடுத்த ஊருக்குப் போகோணும்."

"வெட்டவெளின்னு சொல்லுவீங்களே?"

அவர் கீழே ஊரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "போர் போட்டா மோட்டார் வெக்கோணுமல்ல. மோட்டாருக்குக் கரண்டு வேணுமல்ல. அதனால லைனு போற பக்கமாத்தான் போர் போடற எடத்தக் காட்டுவாங்க. பாத்துத்தான் தூக்குவோம். தள்ளி நிறுத்தித்தான் தூக்குவோம்."

"அன்னைக்கே சொல்லி இருக்கலாமல்லங்க, படத்துல கரண்டு இல்லேன்னு? நான் அத்தன கத்து கத்துனேனே?"

"அதச் சொன்னா நீ அடுத்ததக் கேப்பியே" என்றார்.

நான் எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். மலையிலிருந்து பார்த்தால் கம்பிகள் எல்லாம் தெரிந்தன. தோட்டத்துக்குத் தோட்டம், கிணற்றுக்குக் கிணறு, வீட்டுக்கு வீடு. இதே மாதிரிதானே அங்கேயும் இருக்கும்? இத்தனை வருஷமாக நான் சோறு தின்றுகொண்டிருந்த வேளையில் எல்லாம் இவர் அதற்குக் கீழேதான் நின்றிருக்கிறார். அந்தக் கிறுக்குப் படத்தில் எல்லாமே பொய். ஆனால் அங்கே ஒரு டாக்டர் நின்றார், ஒரு லைன்மேன் நின்றார். இரண்டாம் பாகம் எடுத்திருந்தால் மூன்று மாசம் சேலத்திலேயே வேலை. பெல்ட் மாட்டி, வலை கட்டி, கரண்டை நிறுத்தி, பிரியாணி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைத்தான் நான் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு, படியேறி வந்து விளக்கும் போட்டிருக்கிறேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், என்னால் குடிக்க முடியவில்லை.

ஆயுத பூஜை முடிந்து வண்டி கிளம்பிய அன்றைக்குப் பட்டறைக்குப் போனேன். ஒரு வருஷமாக அப்படியே கிடந்த கறுப்புப் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பழைய மஞ்சளை அடித்திருந்தார்கள். மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஆட்கள் ஏறிவிட்டார்கள். இவர் கடைசியாக ஏறப் போனபோது சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏனுங்க, அந்த டைரக்டர் நம்பர் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"எதுக்கு அம்முணி?"

"படம் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லோணும். ரெண்டாம் பாகம் எப்புடியாவது எடுக்கச் சொல்லோணும்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். என் கையைச் சட்டையிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.

"கம்பி இருக்கற எடத்துல மாஸ்ட்டத் தூக்க மாட்டேன்" என்றார். "சத்தியமா."

பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரிங்க, போயிட்டு வாங்க" என்றேன்.